கொடைக்கானல் ஏரியும் பூங்காக்களும்

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த கோடை வாசத்தலம் கொடைக்கானல். ஊரின் நடுநாயகம் அதன் ஏரி. இது தானாக அமைந்ததன்று. மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் 1863-இல் ஓடைக்குக் கரை கட்டித் தண்ணீரைத் தேக்க, நட்சத்திரம் போல் பல கிளைகளுடன் ஏரி உருவானது. சுற்றுச்சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர். வாடகை சைக்கிளிலோ குதிரையிலோ சுற்றலாம். மிதிபடகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. கூட்டம் சேருமுன் காலையிலேயே படகேறுவது நல்லது.

ஏரிக்குக் கிழக்கே பிரையண்ட் பூங்கா. 1908-இல் வனத்துறை அதிகாரி பிரையண்ட் வடிவமைத்தது. மே மாத மலர்க் கண்காட்சிக்குப் பேர்பெற்றது.

1872-இல் செங்குத்துச் சரிவின் விளிம்பில் அமைக்கப்பட்ட கோக்கர்ஸ் வாக், ஒரு கிலோமீட்டர் நீள நடைபாதை. கீழே மூடுபனி, முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வெயில் என இரண்டும் கூடிவந்தால், நடப்பவரின் நிழல் வண்ண வளையத்துடன் பனித்திரையில் விழும். காத்திருந்து காணவேண்டிய காட்சி இது.

மலைச்சாலையில் வருவோரை முதலில் வரவேற்கும் வெள்ளி நீர்வீழ்ச்சி சுமார் 180 அடி உயரம். ஏரியின் உபரிநீர்தான் இங்கே அருவியாகிறது. ஆகவே ஏரியில் எறியும் குப்பை அருவிக்கும் கேடு.

பேரிஜம் ஏரி காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி கட்டாயம். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதால் இந்தக் கட்டுப்பாடு மிக நியாயமானது. 2024 மே முதல் கொடைக்கானலுக்குள் நுழையும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையும் நடைமுறைக்கு வந்தது.