ஒரே பாட்டை எத்தனை முறை வாங்குவது?

1987-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ ஆல்பம் குறுந்தட்டாகக் கடைகளுக்கு வந்தது. நாள் பார்த்து வைத்த வெளியீடு அது. அதே ஆல்பம் இசைத்தட்டாக வெளியானதற்கு அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்படும் நாள் 1967 ஜூன் 1. சரியாக இருபது ஆண்டுகள். அன்று அதை வாங்கியவர்களில் பலருக்கு அதிலுள்ள 13 பாடல்களும் மனப்பாடம். வீட்டு அலமாரியில் கறுப்புத் தட்டாக இருப்பதையே மறுபடியும் காசு கொடுத்து வாங்கினார்கள்.

ராக் ஆல்பங்களுக்குப் பிறந்தநாள் கொண்டாடும் பழக்கத்துக்கு அதைப் பிள்ளையார் சுழி எனலாம். அதன்பிறகு இருபதாம் ஆண்டுப் பதிப்பு, முப்பதாம் ஆண்டுப் பதிப்பு, ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி என்று வரிசை நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு முறையும் விலை ஏறியது, பெட்டி பெரிதானது. ஒரே ஆல்பத்தை நான்கு, ஐந்து வடிவங்களில் வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு.

நேயர்களுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. இது புதிய மொந்தையில் பழைய கள்தானே? பாதி உண்மைதான். மீதிப் பாதி தெரியவேண்டுமானால், கள் எந்தப் பானையிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே பானை என்பது ஒலிப்பதிவுக் கூடத்தில் முதன்முதலாகப் பதிவான மூல ஒலிநாடா. அந்த நாடா என்ன ஆனது என்பதில்தான் இந்த வரலாற்றின் உயிர் இருக்கிறது.

காலி இடமும் கொசுறும்

குறுந்தட்டு 1982 அக்டோபரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய அந்தத் தட்டில் 74 நிமிட இசை அடங்கும். பழைய இசைத்தட்டிலோ ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம். இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய நாற்பது. ஆக, பழைய ஆல்பத்தைக் குறுந்தட்டில் போட்டால் அரை மணி நேரத்துக்குக் காலி இடம் கிடந்தது. வாங்குபவருக்கு அது உறுத்தியது. விற்பவருக்கு அது வாய்ப்பாகத் தெரிந்தது.

குறுந்தட்டுகளை மட்டுமே வெளியிடுவதற்காக 1983-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ரைக்கோடிஸ்க் நிறுவனம் இந்த வாய்ப்பை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. டேவிட் போவியின் பழைய ஆல்பங்களை 1990 முதல் அது மறுவெளியீடு செய்தபோது, கடைசியில் சில கொசுறுப் பாடல்களையும் சேர்த்தது. கைவிடப்பட்ட பாடல்கள், ஒத்திகைப் பதிவுகள், வேறு வடிவங்கள் எல்லாம் அதில் இடம்பெற்றன. காய்கறிக் கடையில் கொசுறாகக் கிடைக்கும் கறிவேப்பிலைக்காகவே கடை மாறுகிற கதைதான். ஆனால் அந்தக் கொசுறுக்காக யாரோ ஒருவர் நாடாக் கிடங்குக்குள் போய்த் தூசி தட்ட வேண்டியிருந்தது. அதுவரை பல நிறுவனங்கள் தங்கள் கிடங்கில் என்ன இருக்கிறது என்று பார்த்ததே இல்லை.

கொசுறே விருந்தாக மாறியதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பீச் பாய்ஸ் குழுவின் ‘பெட் சவுண்ட்ஸ்’. 1966-இல் வந்த இந்த ஆல்பத்தின் முப்பதாம் ஆண்டுக்காகத் திட்டமிடப்பட்ட பெட்டி, ஓராண்டு தாமதித்து 1997-இல் வெளியானது. நான்கு குறுந்தட்டுகள். பிரையன் வில்சனுக்கு ஒரு காது கேட்காது. ஆல்பத்தை ஒற்றைத் தடமான மோனோவில்தான் அவர் முடித்திருந்தார். முழு ஸ்டீரியோவில் அதைக் கேட்க ரசிகர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். பெட்டியில் அதைவிடச் சுவையானது வேறொன்று: இருபத்து மூன்று வயது வில்சன், தம்மைவிட மூத்த கலைஞர்களை நிறுத்தி, மறுபடியும் வாசிக்கச் சொல்லி, ஒரு பாட்டைச் செங்கல் செங்கலாகக் கட்டுவதைக் காதால் கேட்க முடிந்தது. பாட்டு மட்டும் போதும் என்பவருக்கு இது வீண். பாட்டு எப்படிப் பிறந்தது என்று அறிய விரும்புபவருக்கு இது பொக்கிஷம்.

ஓர் இரவு, நான்கு பதிப்பு

த ஹூ குழுவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ கதை இன்னும் வேடிக்கையானது. 1970 பிப்ரவரி 14-ஆம் தேதி லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார்கள். அந்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டில் இருந்ததோ ஆறே பாடல்கள். உறை, திருட்டுப் பதிப்பு போலப் பழுப்புக் காகிதத்தில் முத்திரை குத்தியபடி இருந்தது. நாடாவில் இருந்த கரகரப்பு தட்டிலும் கேட்கும். அது இருக்கட்டும், திருத்தவேண்டாம் என்று தட்டின் ஒட்டுத்தாளிலேயே குறிப்பு எழுதியிருந்தார்கள்.

1995-இல் அதே ஆல்பம் 14 பாடல்களோடு வந்தது. இம்முறை கரகரப்பு நீக்கப்பட்டுவிட்டதாக ஒட்டுத்தாள் சொன்னது! 2001-இல் யுனிவர்சல் நிறுவனம் ‘டீலக்ஸ் எடிஷன்’ என்ற வரிசையில் இரண்டு குறுந்தட்டுகளாக அதை வெளியிட்டது. அப்போதுதான் அன்றிரவு வாசித்த ‘டாமி’ பகுதியும் சேர்ந்தது. ஆனால் கச்சேரியின் நடுவில் வந்த ‘டாமி’யைத் தனியே பிரித்து இரண்டாவது தட்டில் போட்டுவிட்டார்கள். அந்த இரவை நடந்த வரிசையிலேயே கேட்க நினைத்தவருக்கு மறுபடியும் ஏமாற்றம்.

2010-இல் நாற்பதாம் ஆண்டுப் பெட்டி. இதில் அடுத்த நாள் ஹல் நகரில் நடந்த கச்சேரியும் இருந்தது. அந்த ஹல் நாடா நாற்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்ததற்குக் காரணம், தொடக்கப் பாடல்கள் சிலவற்றில் ஜான் என்ட்விசிலின் பேஸ் கிதார் பதிவாகாமல் போனதுதான். கணினி வந்தபின், முந்தைய இரவின் லீட்ஸ் நாடாவிலிருந்து அந்த கிதாரை எடுத்து ஹல் பாடல்களோடு பொருத்தினார்கள். ஒட்டுப்போட்டது தெரியவில்லை. இதை உண்மையான கச்சேரி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கிடப்பில் கிடந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

எல்லா மறுவெளியீடும் இப்படி நேர்மையாக இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. எல்விஸ் காஸ்டெல்லோவின் ‘மை எய்ம் இஸ் ட்ரூ’ 1993, 2001, 2007 என மூன்று முறை, மூன்று நிறுவனங்களின் பெயரில், வெவ்வேறு கொசுறுகளோடு வந்தது. இக்கி பாப்பும் ஸ்டூஜஸ் குழுவும் 1973-இல் தந்த ‘ரா பவர்’ ஆல்பத்தை 1997-இல் இக்கி பாப்பே புதிதாகக் கலவை செய்தார். ஒலி அளவை உச்சத்துக்கு ஏற்றியதில் இசை பல இடங்களில் சிதைந்து ஒலித்தது. டேவிட் போவி செய்த பழைய கலவை வேண்டும் என்றவர்கள் 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை பழைய தட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. பாடல்களை இணையத்தில் கேட்கும் காலத்தில் இது இன்னும் கூர்மையாகிவிட்டது. புதிய கலவை வந்ததும் பழையது பல நேரங்களில் பின்னுக்குப் போய்விடுகிறது. அலமாரியில் தட்டு வைத்திருப்பவரிடம் மட்டும் அது தங்குகிறது.

நாடா சொன்ன கதை

மறுபடியும் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்துக்கு வருவோம். 1967-இல் லண்டன் ஏபி ரோடு கூடத்தில் இருந்தவை நான்கு தட நாடா இயந்திரங்கள். நான்கு தடமும் நிரம்பிவிட்டால், அவற்றைக் கலந்து இன்னொரு நாடாவில் ஒன்று அல்லது இரண்டு தடத்தில் அடக்கி, மீதித் தடங்களில் மேலும் பதிவார்கள். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் ஒலி கொஞ்சம் மங்கும். இரைச்சல் கொஞ்சம் கூடும்.

அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் மோனோ கருவிகளே இருந்தன. ஆகவே பீட்டில்ஸ் உடனிருந்து வாரக்கணக்கில் மெனக்கெட்டது மோனோ கலவைக்குத்தான். ஸ்டீரியோ கலவையை ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர்களும் சில நாட்களில் முடித்துவிட்டார்கள். பின்னாளில் உலகமே கேட்டது, அவசரமாகச் செய்த அந்த ஸ்டீரியோவை! ‘ஷி இஸ் லீவிங் ஹோம்’ பாடல் மோனோவில் சற்று வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் ஒலிக்கும். ஸ்டீரியோவில் அது இழுவையாகப் போகும். இரண்டையும் வைத்திருந்தவர்களுக்கே இந்த வித்தியாசம் தெரியும்.

2017-இல், ஐம்பதாம் ஆண்டுக்காக ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிய ஸ்டீரியோ கலவை செய்தார். மோனோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டார். நகல் எடுப்பதற்கு முந்தைய முதல் நாடாக்களை இ.எம்.ஐ. நிறுவனம் அழிக்காமல் வைத்திருந்தது அவருக்குக் கைகொடுத்தது. அவற்றைக் கணினியில் ஒன்றோடொன்று இணைத்தபோது, ஐம்பது ஆண்டுகளாக மங்கலாகக் கேட்ட முரசும் குரலும் துலங்கின.

1966-இல் வந்த ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு அந்த வழி போதவில்லை. அதில் முரசு, பேஸ், கிதார் மூன்றும் ஒரே தடத்தில் பதிவான பாடல்கள் உண்டு. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு, 2021-இல் வந்த ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக, கலந்துபோன ஒலிகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருளை உருவாக்கியது. அதன்பிறகே, 2022-இல் ‘ரிவால்வர்’ சிறப்புப் பதிப்பு வெளிவந்தது.

நாடா இருந்ததால் இவ்வளவும் நடந்தது. இல்லாமல் போனால்?

2008-ஆம் ஆண்டு, அதே ஜூன் முதல் தேதி, ஹாலிவுட் யுனிவர்சல் படப்பிடிப்பு வளாகத்தில் பெருந்தீ மூண்டது. ‘கிங் காங்’ காட்சிக்கூடம் எரிந்தது என்றுதான் அன்று செய்தி. இசை நாடாக் கிடங்கு பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2019 ஜூனில், நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்தக் கிடங்கின் கதையை வெளியிட்டது. இசை நிறுவனத்தின் உள் ஆவணம் ஒன்று, சுமார் 5 லட்சம் பாடல்களின் மூலப்பதிவுகள் இழக்கப்பட்டதாக மதிப்பிட்டிருந்தது. இழப்பு அந்த அளவுக்கு இல்லை என்று நிறுவனம் மறுத்தது. எவை எரிந்தன, எவை தப்பின என்ற தகராறு பல காலம் நீடித்தது. இவ்வளவு பெரிய நிறுவனத்தால் உடனே கணக்குக் காட்ட முடியவில்லை என்பதே போதுமான செய்தி அல்லவா?

நெருப்பு வேண்டியதில்லை; காற்றில் உள்ள ஈரமே போதும். 1970, 80-களில் செய்த நாடாக்கள் சிலவற்றில், காந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து இசையும் போய்விடும். அத்தகைய நாடாவை மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்து, ஈரத்தைப் போக்கி, உடனே நகல் எடுக்கிறார்கள். இதற்குப் பணம் வேண்டும். பணம் போட ஒரு காரணம் வேண்டும். ஆண்டு விழாப் பதிப்புதான் அடிக்கடி அந்தக் காரணமாகிறது. சேகரிப்பாளரை ஏளனம் செய்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

நூறே பிரதிகள்

காரணம் எப்போதும் இசைமீதான பற்றாக இருப்பதில்லை. 2012 டிசம்பரில் பாப் டிலனின் 1962, 63-ஆம் ஆண்டுப் பதிவுகள் 86 அடங்கிய நான்கு தட்டுத் தொகுப்பு ஐரோப்பாவில் வெளியானது. சுமார் நூறு பிரதிகளே. விளம்பரமும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலத்தை 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆக உயர்த்தியிருந்தது. ஐம்பது ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. உரிமையைக் காப்பாற்ற, பெயருக்கு வெளியிட்டார்கள். பதிப்புரிமை நீட்டிப்புத் தொகுப்பு என்று துணைத் தலைப்பிலேயே எழுதியும் வைத்தார்கள்! மறு ஆண்டு டிசம்பரில் பீட்டில்ஸின் 59 பதிவுகள் இதே பாணியில் ஐடியூன்ஸில் வந்தன. நூறில் ஒன்று கைக்குக் கிடைக்காதா என்று உலகெங்கும் ரசிகர்கள் அலைந்தது வேறு கதை.

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘த டார்க் சைட் ஆஃப் த மூன்’ இந்த வரலாறு முழுவதையும் ஒரே ஆல்பத்தில் காட்டுகிறது. 1973 மார்ச்சில் வந்தது. 1993-இல் இருபதாம் ஆண்டுப் பெட்டி. 2003-இல் சுற்றொலிக் கலவையுடன் முப்பதாம் ஆண்டுத் தட்டு. 2011-இல் ஆறு தட்டுகள் கொண்ட ‘இமர்ஷன்’ பெட்டி. அதில் 1972-ஆம் ஆண்டு ஆரம்பக் கலவை, ஆலன் பார்சன்ஸ் செய்த நான்கு ஒலிபெருக்கிக் கலவை, 1974 வெம்ப்ளி கச்சேரி என அரிய பதிவுகள் இருந்தன. கூடவே கழுத்துத்துண்டு, குவளை அடியில் வைக்கும் அட்டைகள், கோலிக் குண்டுகள். ஆனை விலை குதிரை விலை கொடுத்தவர்கள் கோலிக் குண்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

2023-இல் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி வந்தது. வெம்ப்ளி கச்சேரி மீண்டும் இடம்பெற்றது. அட்மாஸ் முறையிலான புதிய கலவையும் இருந்தது. ஆரம்பக் கலவையும் ஆலன் பார்சன்ஸின் கலவையும் இல்லை. கூடத்தில் பதிவான புதிய அரிய நாடா எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, 1973 பிப்ரவரி 27-ஆம் தேதி லண்டன் கோளரங்கத்தில் நடந்த அறிமுக நிகழ்ச்சியின் அழைப்பிதழ் நகல் ஒன்றை வைத்திருந்தார்கள். புதியதை வாங்கியவர் பழையதை விற்றுவிட முடியாது. ஆகவே இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றில் கோலிக் குண்டுகள், மற்றதில் அழைப்பிதழ்.