சென்னைத் துறையிலிருந்து மணிலாவுக்கு

கடல் கடந்து போருக்குச் சென்ற தமிழகப் படை என்றவுடன், இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பே நம் நினைவுக்கு வரும். அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கும் பின்னர், 1762ஆம் ஆண்டில், சென்னைத் துறையிலிருந்து மற்றொரு படை கீழைக்கடல் நோக்கிப் புறப்பட்டது. கொடி ஆங்கிலேயருடையது, சண்டையும் அவர்களுடையதே. ஆயினும் கப்பலேறியவர்களுள் ஏறத்தாழ 600 பேர் சென்னைச் சிப்பாய்கள்.

ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1762 ஜனவரியில் பிரிட்டன் ஸ்பெயின் மீதும் போர் தொடுத்தது. பிலிப்பைன் தீவுகளின் தலைநகரான மணிலாவைக் கைப்பற்றும் பொறுப்பு, தரைப்படைக்குத் தலைவரான வில்லியம் டிரேப்பரிடமும், கடற்படைக்குத் தலைவரான சாமுவேல் கார்னிஷிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது அதனைக் காத்து நின்றவர்களுள் டிரேப்பரும் ஒருவர். சென்னைக் கும்பெனியாரோ படையைத் தாராளமாகக் கொடுத்துவிடவில்லை. கொள்ளையில் மூன்றில் ஒரு பங்கு தமக்கு என்று பேசிக்கொண்ட பின்னரே உதவினர். வணிகர் அல்லரோ! 79ஆம் படைப்பிரிவு, பீரங்கிப் படையினர், லஸ்கர்கள், பிரெஞ்சுப் படையை விட்டு ஓடிவந்த சிலர் எனப் பல திறத்தாரும் சிப்பாய்களுடன் சென்றனர்.

செப்டம்பர் 23ஆம் நாள் கப்பல்கள் மணிலா விரிகுடாவை அடைந்தன. போர் மூண்ட செய்தியே அந்நகருக்கு முறையாக எட்டியிருக்கவில்லை. ஆளுநர் பதவியில் தற்காலிகமாக அமர்ந்திருந்தவர் பேராயர் ரோஹோ; போர்க்கலை பயிலாத சமயத்தலைவர். கடுமழையிலும் கொந்தளிக்கும் அலையிலும் படை கரையிறங்கிற்று. பீரங்கிகள் மதிலைப் பிளந்தன. அக்டோபர் 6ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. சூறை நிகழ்ந்தது. மேலும் சூறையாடாதிருக்க நாற்பது இலட்சம் டாலர் ஈட்டுப்பணம் விதிக்கப்பட்டது. அது முழுமையாகச் செலுத்தப்படவே இல்லை.

ஆனால் நகரம் வீழ்ந்தது, நாடு வீழவில்லை. சிமோன் தெ ஆண்டா என்னும் ஸ்பானிய அதிகாரி உள்நாட்டிலிருந்து எதிர்த்து நின்றமையால், மணிலாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டி ஆங்கிலேயர் ஆட்சி நிலைக்கவில்லை. 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானபோதோ, மணிலா பிடிபட்ட செய்தி ஐரோப்பாவை எட்டியிருக்கவில்லை. அவ்வாறு அறியப்படாத வெற்றிகளைக் கைம்மாறின்றித் திருப்பித் தருவதென்பது ஒப்பந்தம். அதன்படி 1764இல் மணிலா ஸ்பெயினிடமே மீண்டது. இத்தனை உயிர்களைக் கொடுத்துப் பெற்றது, ஓர் எழுத்தாணியின் கீறலில் போயிற்று.

டிரேப்பர் இங்கிலாந்து திரும்பி, பிரிஸ்டலை அடுத்த கிளிஃப்டனில் தம் மாளிகைக்கு மணிலாவின் பெயரையே சூட்டினார். தம் 79ஆம் படைப்பிரிவில் மாண்டோருக்கு நினைவுச் சின்னமும் எழுப்பினார். சிப்பாய்கள் அப்பிரிவைச் சேர்ந்தவரல்லர். அவர்களுக்கு அங்கே இடமில்லை.

அவர்களுள் பலர் சென்னைக்குத் திரும்பவும் இல்லை. படையை விட்டு விலகி, மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள காயிந்தா என்னும் ஊரிலும் அதன் அருகிலும் தங்கிவிட்டனர். அந்நாட்டுப் பெண்டிரை மணந்து குடியும் குடித்தனமுமாயினர். பெயரும் மொழியும் அந்நாட்டவையே ஆகிவிட்டன. எனினும் தம்மைச் சிப்பாய்களின் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் காயிந்தாவில் இன்றும் உள்ளன.