கட்ச் தீர்ப்பும் நாட்டின் வாக்கும்

கடையம் வட்டாரத்தில் வாய்க்கால் நீரிலோ தோப்பின் எல்லையிலோ வழக்கு மூண்டால், மத்தியஸ்தம் பேச அமரும் பெரியவர்கள் இரு தரப்பாரையும் நோக்கி முதலில் கேட்பது ஒன்றே: "சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவீர்களா?" அந்த ஒப்புதல் இன்றேல் தீர்ப்பும் இல்லை. நாடுகளின் வழக்குகளைத் தீர்க்கும் மன்றங்களும் இதே அடிப்படையில்தான் நிற்கின்றன.

பாரதியார் கடையத்தில் வாழ்ந்து, அருகிலுள்ள பொட்டல்புதூரில் இஸ்லாத்தின் மகிமை குறித்துச் சொற்பொழிவாற்றியது 1920 ஜூனில். அதே மாதத்தில்தான் ஹேக் நகரில் சட்ட அறிஞர்கள் கூடி, உலக நீதிமன்றத்துக்கான சட்டத்தை வரையத் தொடங்கினர். எல்லா நாடுகளையும் கட்டாயமாக விசாரிக்கும் அதிகாரம் வேண்டுமென்று அவர்கள் பரிந்துரைத்தனர், வல்லரசுகள் இணங்கவில்லை. விரும்பி ஒப்புக்கொண்ட நாட்டின்மீதே வழக்கு நடக்கலாம் என்ற விதி அன்று நிலைபெற்றது.

அவ்வாறு ஒப்புக்கொண்ட வாக்கின் பாரத்தை நம் நாடாளுமன்றம் கட்ச் வழக்கில் உணர்ந்தது. 1965 ஏப்ரலில் கட்ச் ரண் பகுதியில் இந்திய, பாகிஸ்தான் படைகள் மோதின. சுமார் 3,500 சதுர மைல் தனக்குரியது என்றது பாகிஸ்தான். 1965 ஜூன் 30இல் இரு அரசுகளும் வழக்கை மூவர் அடங்கிய நடுவர் மன்றத்திடம் ஒப்படைக்க இசைந்தன. தீர்ப்பை எக்காரணம் கொண்டும் மறுப்பதில்லை என்றும் எழுதிக் கொடுத்தன. இந்தியா யூகோஸ்லாவியாவின் பெப்லரையும், பாகிஸ்தான் ஈரானின் எந்தஸாமையும் நியமித்தன. தலைவராக ஸ்வீடனின் லாகர்கிரென் அமைந்தார். கணவன் மனைவி பிணக்கில் இரு குடும்பத்தினின்றும் ஒவ்வொரு மத்தியஸ்தரை ஏற்படுத்துமாறு பணிக்கும் திருமறையை ஓதுவோர்க்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது.

செப்டம்பரில் பெரும்போரே மூண்டது. ஆயினும் நடுவர் மன்றம் கலையவில்லை. 1968 பிப்ரவரி 19இல் தீர்ப்பு வந்தது. வழக்கிலிருந்த நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவுக்கு. கஞ்சர்கோட், சாத் பேட் உள்ளிட்ட ஒரு பங்கு பாகிஸ்தானுக்கு. பெப்லர் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

நாடாளுமன்றம் கொதித்தது. இது சட்டத் தீர்ப்பன்று, அரசியல் தீர்ப்பு என்றனர் எதிர்க்கட்சியினர். பெருபாரி வழக்கில் 1960இல் உச்ச நீதிமன்றம் உரைத்ததுபோல், நிலத்தைக் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்றும் வாதிட்டனர். அவர்களது மனவேதனையை நாம் இழிவாக எண்ணுவதற்கில்லை. மண் பற்று இயல்பானது. ஆனால் கொடுத்த வாக்கைக் காப்போம் என்பதில் அரசு உறுதியாக நின்றது. 1969 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், இது ஐயத்திலிருந்த எல்லையைத் தெளிவாக்குவதேயன்றி நிலத்தைத் தாரைவார்ப்பதன்று, எனவே சட்டத் திருத்தம் வேண்டியதில்லை எனத் தீர்த்தது.

ஒப்புதல் இல்லாவிடில் நிலைமை வேறு. 1999இல் அதே கட்ச் பகுதியில் பாகிஸ்தான் விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டபோது, பாகிஸ்தான் ஹேக் நீதிமன்றத்தை அணுகியது. காமன்வெல்த் நாடுகளின் வழக்குகளுக்கு இந்தியா முன்னரே விலக்கு வைத்திருந்தது. தனக்கு அதிகாரமில்லை என 2000இல் நீதிமன்றம் கூறிவிட்டது. ஆயின் குல்பூஷண் ஜாதவின் உயிர் ஊசலாடிய 2017இல், இரு நாடுகளும் ஏற்றிருந்த தூதரக உறவு உடன்படிக்கையைப் பற்றிக்கொண்டு நாமே அதே வாயிலைத் தட்டினோம். 2019இல் தீர்ப்பு பெரும்பாலும் நமக்குச் சாதகமாயிற்று.

இன்று விலக்கு வேண்டுவோர் நாளை நீதி வேண்டி நிற்கலாம். ஒப்புக்கொள்ளுமுன் ஆயிரம் முறை ஆராயலாம். நாடாளுமன்றத்தின் கடமையும் அதுவே. ஒப்புக்கொண்டபின் வாக்கு ஓர் அமானிதமாகிவிடுகிறது. பாதகமான தீர்ப்பையும் மதித்த நாடு என்னும் நற்பெயர், சாதகமான தீர்ப்பைப் பிறர் மதிக்க வேண்டுமென்று கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. கட்ச் மணலில் இழந்த நிலத்துக்கு ஈடாக நாம் பெற்றது அதுவே.