பெண்களின் மேல்நிலைக் கல்விச் சேர்க்கை: ஐயம்பேட்டையும் உலக நாடுகளும்

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி என்பது 11, 12 ஆம் வகுப்புகளைக் குறிக்கும். ஒரு நாட்டில் இந்த வயதுப் பெண்களில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதை அளக்க 'மொத்தச் சேர்க்கை விகிதம்' பயன்படுகிறது. இந்த நிலையில் படிக்கும் எல்லா மாணவியரின் எண்ணிக்கையை, அதற்குரிய வயதுப் பெண்களின் மக்கள்தொகையால் வகுத்து நூற்றால் பெருக்கினால் அது கிடைக்கும். வயது கடந்து படிப்பவர்களும் கணக்கில் வருவதால் சில நாடுகளில் இது நூறையும் தாண்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் உள்ள ஐயம்பேட்டை போன்ற பட்டு நெசவு ஊர்களில் இந்த எண்ணுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைய மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் மட்டும் அது ஆகாது. கரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். கூலி கட்டாத வீடுகளில் அந்த உதவியாள் பெரும்பாலும் பிள்ளைகளில் ஒருவர்தான். தார் சுற்றுவதும் அவர்கள் வேலையே. தறி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் கடனாக நின்றதால் பிள்ளையைத் தறியிலிருந்து எழுப்புவது எளிதாக இல்லை. 1986 ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் குடும்பத்தாரோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு அளித்திருந்தது.

மேல்நிலைக் கல்வி எங்கே நடந்தது என்பது இன்னொரு தடை. ஆங்கிலேயர் காலத்தில் இதற்கு இணையான படிப்பு 'இன்டர்மீடியட்'. அது கல்லூரியில் நடந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1904 இல் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் அனுமதியால்தான் இடம் கிடைத்தது. சென்னையில் பெண்களுக்கான இராணி மேரிக் கல்லூரி தொடங்கியது 1914 இல். பின்னர் இன்டர்மீடியட் போய் ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது, அதுவும் கல்லூரியிலேயே. ஆக, பதினாறு வயதுப் பெண் ஊரைவிட்டு நகரக் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. பல குடும்பங்களில் பேச்சு அதோடு முடிந்தது.

கோத்தாரிக் குழுவின் (1964–66) பரிந்துரைப்படி தமிழ்நாட்டில் 1978 இல் மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்குள் வந்தன. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980 இல் நடந்தது. சத்துணவு, இலவசப் புத்தகம் போன்றவற்றைப் பாராட்டும் கட்டுரைகள் இந்த மாற்றத்தைப் பெரிதாகப் பேசுவதில்லை. என் கணிப்பில் பெண்களைப் பொறுத்தவரை இதன் பங்கு மிகப் பெரிது. படிப்பு இடம் மாறியதால் தந்தையின் முடிவும் மாறியது. பிறகு வந்த மிதிவண்டித் திட்டம் மிச்சத் தொலைவைக் குறைத்தது. 2001–02 இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கி, 2005–06 இல் 11, 12 ஆம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் அது விரிந்தது.

உதவித் திட்டங்களின் வரம்பையும் பார்க்க வேண்டும். 1989 இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் படிப்பைத் தகுதியாக்கியது. 2011 இல் அது திருத்தப்பட்டபோது பத்தாம் வகுப்புக்கு ஒரு தொகை, பட்டம் அல்லது பட்டயத்துக்கு இன்னொரு தொகை என்று அமைந்தது. பிளஸ் டூவுக்கென்று தனிப் படி கிடையாது. 2022 இல் அதன் இடத்தில் வந்த புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் ரூ. 1,000 தருகிறது.

இந்தியாவில் 2021–22 ஆம் ஆண்டு மேல்நிலை மொத்தச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 58.2, ஆண்களுக்கு 57.0. பெண்கள் முந்திவிட்டார்கள், ஆயினும் பத்துக்கு நான்கு பேர் வெளியே. தமிழ்நாடு இந்தச் சராசரியைவிட வெகுவாக மேலே உள்ளது. 2024 பிளஸ் டூ தேர்விலும் மாணவியர் 96.44 விழுக்காடும் மாணவர் 92.37 விழுக்காடும் தேர்ச்சி பெற்றனர். 1945 இலேயே இலவசக் கல்வியை ஏற்ற இலங்கையில் உயர்தர வகுப்புகளில் மாணவியரே அதிகம். வங்காளதேசம் 1994 முதல் நாடு முழுவதும் மாணவியருக்கு உதவித்தொகை தந்து இடைநிலையில் இடைவெளியை மூடியது. ஆப்கானிஸ்தானிலோ 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளியே மறுக்கப்பட்டுள்ளது.

ஒப்பிடும்போது ஒரு கவனம் தேவை. ஜெர்மனியில் பதினாறு வயதுப் பெண் வாரத்தில் சில நாள் பட்டறையிலும் சில நாள் தொழிற்பள்ளியிலும் இருந்தால், மேல்நிலையில் படிப்பவளாகவே கணக்கிடப்படுகிறாள். ஐயம்பேட்டையில் தாயிடம் கோர்வை கற்கும் அதே வயதுப் பெண் எந்தச் சேர்க்கைப் பட்டியலிலும் இல்லை. வேறுபாடு வேலையில் மட்டும் இல்லை: அங்கே ஒப்பந்தம், பாடத்திட்டம், சான்றிதழ் மூன்றும் உண்டு, இங்கே முன்பணக் கணக்கு மட்டும்.

2006 இல் திருப்பெரும்புதூரில் திறந்து 2014 இல் மூடிய நோக்கியா ஆலை பிளஸ் டூ முடித்த இளம்பெண்களைப் பெருமளவில் வேலைக்கு எடுத்தது. சுங்குவார்சத்திர வட்டார மின்னணு ஆலைகளில் இன்றும் பெண்களே அதிகம். இதனால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு நெசவு வீடுகளிலும் ஒரு விலை ஏற்பட்டது. தறியில் பக்கத்து இருக்கை காலியானது. உதவியாள் கிடைக்காததால் கோர்வைச் சேலை நெய்வோர் காஞ்சிபுர வட்டாரத்தில் குறைந்து வருகின்றனர். எஞ்சிய தறிகளில் கரை நாடாவைத் தள்ள இப்போது பெரும்பாலும் மனைவியே அமர்கிறார்.