தோட்டத்துக் கறவை மாடுகள்: பால் திறனுக்கும் சினைத் திறனுக்கும் உள்ள மரபுத் தொடர்பு

தோட்ட அதிபர் தான் சாய் யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டு, அடுத்துப் புக்கிட் அசகானிலும் பெருந்தோட்டம் அமைத்ததைத் தொடர்ந்து, அலோர் காஜா, ஜாசின் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்குக் கங்காணிமார் வழியாக வந்து சேர்ந்த தமிழர் குடும்பங்களில் பல, லயங்களுக்குப் பின்புறம் கொட்டகை போட்டுக் கறவை மாடு வளர்த்தன. காலையில் மரம் சீவி முடித்தவர்கள் பிற்பகலில் புல்லறுத்து வந்து போட, பால் தோட்டத்துக்குள்ளும் அருகிலுள்ள பட்டணங்களிலும் விலைபோனது. கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்று வகைப்படுத்தும் இந்தக் கூட்டம் தூய இனமன்று. இந்தியாவின் பல இனங்கள் தலைமுறைகளாகக் கலந்து, திமிலும் அலைதாடியும் மாறாமல் நிலைத்த கலப்பு ஆகும். கன்றை முதலில் ஊட்டவிட்டாலன்றிப் பல மாடுகளுக்குப் பால் இறங்காது. இறங்கினாலும் நாளுக்குச் சில லிட்டர்தான். ஆயினும் சினை பிடிக்காத மாட்டுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாத சிறு வளர்ப்பில் அத்தகைய மாடே முதலில் விற்கப்பட்டதால், ஏடு எதுவும் எழுதப்படாமலேயே தேர்வு சினைத் திறனின் பக்கம் சாய்ந்தது. இதைக் குறைந்த தர மாடு என்று ஒதுக்குவது பாலை மட்டும் அளந்து பார்ப்பவரின் கணக்கே.

பால் குறைவும் சினை நிறைவும் இப்படிச் சேர்ந்து வருவதன் பின்னால் இருப்பது மரபுத் தொடர்பு, அதாவது ஒரே மரபணுக்கள் இரு பண்புகளைப் பாதிப்பது. கறவை மாட்டில் இது பாதகமானது: அதிகப் பாலுக்கான மரபு, அடுத்த சினையைத் தள்ளிப்போடும் மரபாகவும் இருக்கிறது. சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள் ஆதலால், ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால் ஈன்ற 85 நாளுக்குள் மாடு மீண்டும் சினைப்பட வேண்டும். ஆனால் பால் உச்சம் தொடுவது ஆறு முதல் எட்டாம் வாரத்தில் என்பதால், தின்பதைவிட மிகுதியாகச் சுரக்கும் மாடு தன் உடற்கொழுப்பைக் கரைத்து மெலிந்து, பருவத்துக்கு வரத் தாமதிக்கிறது. பால் அளவின் வேறுபாட்டில் மரபின் பங்கு, அதாவது மரபுவழிக் கடத்துதிறன், கால் பங்குக்கு மேல் காணப்பட, சினைத் திறனில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே முன்னது தேர்வால் விரைந்து உயர, பின்னது கவனிப்பாரின்றித் தேய்கிறது. அமெரிக்க ஹோல்ஸ்டீன் மாடுகளில் நேர்ந்தது இதுவே. அங்கு மகள்களின் சினைப்பிடிப்பு விகிதம் 2003இல்தான் காளைகளின் மதிப்பீட்டில் சேர்ந்தது. நார்வேயினர் 1970களிலேயே சினைத் திறனை மதிப்பீட்டில் சேர்த்திருந்தனர்.

மலேசியாவில் பால் பெருக்கத்துக்குக் கண்ட வழி, பால் மிகுந்த பிரீசியன் இனத்தைத் திமிலுள்ள சாகிவால் இனத்துடன் கலப்பது. மாஃப்ரிவால் எனப்படும் அந்தக் கலப்பினம் ஜொகூரின் குளுவாங் கால்நடை நிலையத்தில் வளர்க்கப்பட்டது. முதல் தலைமுறைக் கலப்பில் பாலும் சினையும் சேர்ந்தே சிறப்பது கலப்பின வீரியத்தால். அடுத்த தலைமுறையில் வீரியத்தின் ஒரு பகுதி கரைய, பழைய முரண் திரும்புகிறது.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி மேய்ச்சல் சுருங்கியதால், மலாக்காவில் உள்ளூர் இந்தியக் கறவை மாடுகள் குறைந்துவிட்டன.