ரெண்டாவது கார்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் எங்க வீட்டுப் பஞ்சாயத்து

எங்க வீட்டு மாருதி 800 வாங்கினது 2001-ல். 15 வருஷம் முடிஞ்சு 2016-ல் ஒரு தடவை, 2021-ல் இன்னொரு தடவை ஆர்.சி. புதுப்பிச்சாச்சு. அடுத்த கெடு 2026. இருபது வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்டில் பத்தாயிரமா ஏத்திட்டாங்க. போதாக்குறைக்கு பங்கில் இப்ப ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். "இந்த வண்டியோட ரப்பர் குழாயெல்லாம் அதுக்குப் பண்ணினது இல்ல சார், அடிக்கடி பாத்துக்குங்க"ன்னு மெக்கானிக் வேற வயித்துல புளியைக் கரைச்சார்.

சரி, மாத்திடலாம்னு உட்கார்ந்தோம். எதை வாங்குறது? நம்ம புத்திதான் தெரியுமே, ஒரு கத்திரிக்காய் வாங்கணும்னாலும் அதோட பூர்வீகத்தைத் தோண்டாம இருக்க முடியாது :-) அப்படித் தோண்டினதுல கிடைச்சது இந்தப் பதிவு. கடைசியில கொஞ்சம் வெட்கப்படவும் வேண்டியதாப் போச்சு. அதையும் சொல்றேன்.

"ரெண்டாவது கார்"ங்கிற எண்ணமே அமெரிக்காவில் பிறந்தது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் ஊருக்கு வெளியே வரிசை வரிசையா வீடு கட்டினாங்க. நியூயார்க் பக்கம் லெவிட்டவுன் 1947-ல் ஆரம்பிச்சது. வீடு மலிவு, தோட்டம் உண்டு, ஆனா நடந்து போற தூரத்துல எல்லாம் கிடையாது. கணவர் காலையில் காரை எடுத்துட்டு வேலைக்குப் போயிட்டா, மனைவி சாயங்காலம் வரைக்கும் வீட்டோட. பால் வாங்கணும்னாலும், குழந்தைக்குக் காய்ச்சல்னாலும் யாரையாவது எதிர்பார்த்து நிக்கணும். அந்தத் தவிப்பைத்தான் கார் கம்பெனிகள் புதுச் சந்தையாப் பார்த்தாங்க.

1954-ல் நாஷ் கம்பெனி மெட்ரோபாலிட்டன்னு ஒரு குட்டிக் காரை விக்க ஆரம்பிச்சது. இங்கிலாந்தில் ஆஸ்டின் கம்பெனி தயாரிச்சு அனுப்பும். விளம்பரமே இல்லத்தரசிகளைக் குறிவெச்சுதான்: கடைக்குப் போக, பள்ளிக்கூடத்துக்குப் போக, வீட்டுக்கு ரெண்டாவது கார். அடுத்த வருஷம் டாட்ஜ் கம்பெனி இன்னும் ஒருபடி மேல போய், ரோஸ் கலர் அடிச்சு, கைப்பை, லிப்ஸ்டிக், குடை எல்லாம் சேர்த்து 'லா ஃபெம்'னு ஒரு கார் விட்டாங்க. ரெண்டே வருஷத்துல மூடிட்டாங்க. பெண்களுக்கு வேண்டியது ரோஸ் கலர் இல்லைங்கிறது அப்பவே தெரிஞ்சிருக்கணும். ஹும், இன்னிக்கும் சில பேருக்குத் தெரியல.

இப்ப ஜப்பானுக்கு வருவோம். நம்ம கதைக்கு முக்கியமான இடம் இதுதான்.

அங்கே 1949-லேயே 'கெய்' கார்னு ஒரு தனி வகுப்பு வெச்சிருந்தாங்க. நீளம், அகலம், எஞ்சின் எல்லாத்துக்கும் உச்சவரம்பு உண்டு. வரம்புக்குள்ள இருந்தா வரி குறைவு. எழுபதுகளில் புகைக் கட்டுப்பாடும் பெட்ரோல் விலையும் சேர்ந்து அமுக்க, அந்த வகுப்பே படுத்துடுச்சு. 1978-ல் சுசூகி கம்பெனித் தலைவரா வந்தார் ஒசாமு சுசூகி (2024 டிசம்பரில்தான் காலமானார்). 1979 மே மாசம் அவர் இறக்கின வண்டி ஆல்ட்டோ. விலை 4,70,000 யென். மத்த சின்னக் கார்களை விட நல்ல குறைச்சல். எப்படி முடிஞ்சது? பின் சீட்டைப் பேருக்கு வெச்சுட்டு, சரக்கு வண்டின்னு பதிவு பண்ணினா கார் மேல இருந்த வரி கிடையாது. ஆல்ட்டோவை அப்படித்தான் வித்தாங்க. வாங்கினது யாரு? ரயிலும் பஸ்ஸும் சரியா இல்லாத ஊர்களில் இருந்த பெண்கள். மார்க்கெட் போக, பகுதி நேர வேலைக்குப் போக. வண்டியில ரெண்டு பேருக்கு மேல பெரும்பாலும் இருக்க மாட்டாங்க, அப்புறம் பின் சீட் எதுக்குங்கிற கணக்கு. ஆக, ஆல்ட்டோ பிறவியிலேயே ரெண்டாவது கார்.

இதே வண்டியோட உடன்பிறப்பு ஃப்ரான்ட்டே. அதை 796 சிசி, மூணு சிலிண்டர் எஞ்சினோட இந்தியாவுக்குக் கொண்டு வந்தா என்ன பேரு? ஆமாங்க, அதேதான்: மாருதி 800!

இந்தியாவில் அப்போ நிலைமை எப்படின்னு நாப்பது தாண்டினவங்களுக்கு நினைவிருக்கும். கல்கத்தா உத்தர்பாராவில் அம்பாசடர். பம்பாயில் ஃபியட், பின்னாடி அதுவே பிரீமியர் பத்மினி. நம்ம சென்னை வண்டலூர் பக்கத்துல ஸ்டாண்டர்டு கம்பெனி, 1961-ல் ஹெரால்டு விட்டவங்க. பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். அம்பாசடர் ஸ்டீயரிங்கைத் திருப்பறதுக்கு ரெண்டு தோள்லயும் பலம் வேணும். வீட்டுல ஒரு கார் இருந்தாலே ஊர்ப் பெரிய மனுஷன். ரெண்டாவது காரா? ஜமீன், சினிமா, மில் முதலாளி, அவ்வளவுதான்.

'மக்கள் கார்' பேச்சு அறுபதுகளிலேயே உண்டு. சஞ்சய் காந்திக்கு லைசென்ஸ் கிடைச்சு, 1971-ல் மாருதி கம்பெனி தொடங்கி, ஒரு கார் கூட ஒழுங்கா விக்காம எழுபதுகளின் கடைசியில் இழுத்து மூடினது தனி சோகக்கதை. 1981-ல் அரசாங்கம் மாருதி உத்யோக்னு புதுசா ஆரம்பிச்சப்ப, பொறுப்பைக் கொடுத்தது பி.எச்.இ.எல்.-ஐ நடத்திக் காட்டின வி. கிருஷ்ணமூர்த்திகிட்ட. தஞ்சை மாவட்டத்துக்காரர். 1982-ல் சுசூகியோட ஒப்பந்தம், சுசூகிக்கு 26 சதவீதப் பங்கு. பத்தாயிரம் ரூபாய் கட்டி லட்சத்துக்கு மேற்பட்டவங்க முன்பதிவு பண்ணினாங்க. 1983 டிசம்பர் 14 அன்னிக்கு முதல் சாவியை இந்திரா காந்தி கையால ஹர்பால் சிங் என்பவர் வாங்கினார்.

இங்கதான் வேடிக்கை. ஜப்பான்ல ஒரு பெண்மணி தனியா மார்க்கெட் போறதுக்குன்னு யோசிச்ச வண்டி இந்தியாவுக்கு வந்ததும் அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்க, மடியில பாட்டி, மேல கேரியர்ல பெட்டின்னு திருப்பதிக்குப் போக ஆரம்பிச்சது! அங்கே ரெண்டாவது கார், இங்கே முதல் கார். ஆனாலும் அதோட பிறவிக்குணம் போகல. கிளட்ச் லேசு, ஸ்டீயரிங் லேசு, சந்துல திருப்பலாம். டிரைவர் வெச்சுத்தான் ஓட்டணும்னு இருந்த வீடுகளில் பெண்கள் தாங்களே ஓட்ட ஆரம்பிச்சது பெரும்பாலும் இந்த வண்டியிலதான். எங்க தங்கமணியும் அதுல கத்துக்கிட்டவங்கதான்.

1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. கூரை உயரம், முட்டி வலிக்காரங்க குனியாம ஏறலாம். அதே வருஷக் கடைசியில் டாடா இண்டிகா. சம்பளம் ஏறிச்சு, கடன் சுலபமாச்சு. புதுக் கார் வந்த வீட்டுல பழைய 800-ஐ விக்க மனசு வராம ஓரமா நிறுத்தினாங்க. அது ரெண்டாவது காராச்சு. ஜப்பான்ல எதுக்காகப் பிறந்ததோ, இருபது வருஷம் சுத்திட்டு அதே வேலைக்கு வந்து சேர்ந்தது. மாசுக்கட்டுப்பாடு இறுகினதால 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் 800 விற்பனை நின்னது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்னது. மொத்தம் 25 லட்சத்துக்கு மேல வித்திருக்கு.

நானோ கதையையும் சொல்லாம விட முடியாது. 2008 ஜனவரியில் காட்டினாங்க, 2009-ல் விற்பனை, ஒரு லட்ச ரூபாய் கார். ஸ்கூட்டர்ல நாலு பேராப் போற குடும்பத்துக்குன்னு ரத்தன் டாடா நினைச்சது நல்ல எண்ணம்தான். ஆனா 'மலிவு'ங்கிற முத்திரையோட முதல் காரை வாங்க யாருக்கு மனசு வரும்? அந்த விளம்பரம் தப்பாப் போச்சுன்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார். உண்மையில் அது அருமையான ரெண்டாவது கார். கியர் தானா மாறுற மாடல் 2015-ல் வந்தப்ப ரொம்பத் தாமதமாயிடுச்சு. 2018-ல் மூடுவிழா. அதுக்குள்ள, 2014-லேயே, மலிவு விலையில கியர் தானா மாறுற செலேரியோவை விட்டு மாருதி அந்த இடத்தைப் பிடிச்சுட்டாங்க. இடது கால் வலி இல்லாம டிராஃபிக்ல ஓட்டலாம்னதும் ரெண்டாவது காரோட இலக்கணமே மாறிப்போச்சு.

இனி வெட்கப்பட்ட விஷயம்.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு நம்ம ஊரில் விக்கிற அஞ்சு சின்னக் கார்களை மோதிப் பார்த்தது. ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அடிப்படை மாடல்கள். அஞ்சுக்கும் பூஜ்யம்! அதுக்கப்புறம்தான் சட்டங்கள் இறுகுச்சு: 2019-ல் ஓட்டுறவருக்கு ஏர்பேக் கட்டாயம், 2021-ல் பக்கத்து சீட்டுக்கும். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் வந்தது. ஆனா எங்க 2001 மாடல் 800-ல் என்ன இருக்கு? ஒண்ணும் கிடையாது. நல்ல மனசு மட்டும்தான்.

போன மாசம் ஒரு திருப்பத்துல ஆட்டோ ஒண்ணு லேசா உரசிச்சு. லேசாத்தான். இடது பக்கக் கதவு அப்பளம் மாதிரி உள்ள வந்துடுச்சு. அந்தக் கதவுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தது எங்கம்மா, முட்டி வலிக்கு பிசியோதெரபி போறதுக்காக. ஒரு ஜாண் தள்ளியிருந்ததால தப்பிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

யோசிச்சுப் பாருங்க. எங்க முதல் கார் 2019-ல் வாங்கினது. நாலு ஏர்பேக், ஏ.பி.எஸ்., கியர் தானா மாறும். அது என்ன பண்ணுது? என்னை மட்டும் ஏத்திக்கிட்டு 11 கிலோமீட்டர் போய், ஆபீஸ் நிழல்ல ஒன்பது மணி நேரம் தூங்கிட்டு, திரும்பி வருது. தங்கமணியும், அம்மாவும், டியூஷன் போற பொண்ணும் போறது அந்த அப்பளக் கதவுல. அமெரிக்காவிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் இதுதான் வழக்கம்: நல்ல வண்டி சம்பாதிக்கிறவனுக்கு, மிச்ச வண்டி மிச்சப் பேருக்கு.

கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன், "பெரிய வண்டியை நீ எடுத்துக்கிறியா? பார்க்கிங் கஷ்டம்னுதானே சின்னதை ஓட்டுறே?"

"கஷ்டம்னு நான் எப்பங்க சொன்னேன்? நீங்களே சாவியை எடுத்துக்கிட்டுப் போயிடுவீங்க. மிச்சம் இருந்ததை நான் எடுத்தேன். பதினஞ்சு வருஷமா நீங்க கேக்கவே இல்ல."

சத்தமே இல்லாம சொன்னாங்க. எனக்குப் பதில் வரல.

அதனால முடிவு இதுதான். பெரிய கார் இனிமே அவங்களோடது. புதுசா வாங்கப்போற சின்ன வண்டி எனக்கு. தினமும் 22 கிலோமீட்டர்தான், அதனால மின்சார வண்டியாப் பார்க்கிறோம். பெங்களூர் ரேவா 2001-லேயே இந்த யோசனையோட வந்தது, பாவம், ரொம்ப முன்னாடி வந்துடுச்சு. 2022-ல் வந்த டியாகோ, 2023-ல் வந்த காமெட் ரெண்டும் பட்டியல்ல இருக்கு. காமெட்ல கதவு ரெண்டே ரெண்டு, பின் சீட்டுக்கு அம்மாவால ஏற முடியாது; ஒரு அவசரம்னா உதவாது. அதனால டியாகோ பக்கம்தான் தராசு சாயுது. மின்சாரம் வேண்டாம்னா, 2025 செப்டம்பரில் சின்னப் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக் குறைஞ்சதும் ஒரு வழி.

800-ஐ என்ன பண்றதுன்னு பொண்ணுகிட்ட கேட்டேன். "அதுலதான்பா நான் ஓட்டக் கத்துக்கணும்"னா. "முதல்ல அம்மா வண்டியில கத்துக்கோ"ன்னேன். 'அம்மா வண்டி'ன்னு வாயில வந்ததைக் கேட்டு உள்ளே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் :-)

டிஸ்கி: புது வண்டி வந்ததும் சாவி மாட்டுற ஆணியையும் மாத்திடணும். வாசல் பக்கத்து ஆணியில இதுவரைக்கும் என் சாவிதான் தொங்கிக்கிட்டிருந்தது.