தீவும் ஊரும் – 11
ஜெலுத்தோங் வட்டாரம்: இரண்டு முறை வந்து, இரண்டு முறை போன வாக்கு

ஒரு மரத்தின் பெயரால் அமைந்த ஊர் ஜெலுத்தோங். ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் பால் கொடுத்த நெடுமரம் அது. சீனர்கள் அந்த ஒலியை ஒட்டி எழுதும் எழுத்துகளைத் தனித்தனியே படித்தால் ‘சூரியன் மறையும் குகை’ என்று பொருள் வரும். ஊரோ பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில், சூரியன் உதிக்கும் பக்கம் இருக்கிறது. பினாங்கு ஆற்றைத் தாண்டித் தெற்கே போனால் வரும் இந்தப் புறநகருக்கு மலாயாவின் தேர்தல் வரலாற்றில் முன்வரிசை இடம் உண்டு.

1951 டிசம்பர் 1, சனிக்கிழமை. ஜார்ஜ்டவுன் நகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. போருக்குப் பின் மலாயாவில் நடந்த முதல் நகராட்சித் தேர்தல் அதுதான். கோலாலம்பூர் வாக்களித்தது 1952 பிப்ரவரி 16-இல். கூட்டரசு சட்டமன்றத்துக்கான முதல் பொதுத்தேர்தல் 1955-இல்தான் வந்தது. நாடு தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே, ஜெலுத்தோங்வாசி தன் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்.

நகராட்சியின் 15 இடங்களில் 9 இடங்கள் மட்டும் மக்களிடம் விடப்பட்டன, மற்றவை நியமனம். நகரம் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது: தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங். வட்டாரத்துக்கு மூன்று இடம். டாக்டர் லிம் சோங் இயூ தலைமையில் அதே ஆண்டில் பிறந்த ரெடிக்கல் கட்சி ஆறு இடங்களைப் பிடித்தது. அம்னோவுக்கு ஒன்று, தொழிற்கட்சிக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று. இளம் மருத்துவரான அந்த லிம் சோங் இயூதான் பின்னாளில், 1969 முதல் 1990 வரை, பினாங்கின் முதலமைச்சராக இருந்தவர். ஜெலுத்தோங் கடலோரமாகப் பினாங்குப் பாலத்தை நோக்கி ஓடும் விரைவுச்சாலைக்கு 2010-இல் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

ஆனால் 1951-இல் வந்தது புது உரிமை அன்று. பறிபோன உரிமை திரும்பி வந்ததே. 1857-லேயே ஜார்ஜ்டவுனில் நகராட்சி ஆணையர் தேர்தல் தொடங்கிவிட்டது. அப்போது வாக்களித்தவர்கள் வரி கட்டும் அளவுக்கு வசதி படைத்த சிறு கூட்டம்தான். என்றாலும் வாக்கு வாக்குதானே. 1913-இல் வந்த நகராட்சிச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. அதன்பின் 38 ஆண்டுகள், ஆளுநர் நியமித்தவர்களே நகரை நடத்தினார்கள்.

திரும்பி வந்த வாக்கு வேகமாக வளர்ந்தது. 1956-இல் நகராட்சியின் அத்தனை இடங்களும் தேர்தலுக்கு வந்தன. முழுக்க முழுக்க மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் மலாயாவில் முதலில் அமைந்தது இங்கேதான். வட்டாரங்கள் மூன்றிலிருந்து ஐந்தாயின: ஜெலுத்தோங், கெலாவாய், சுங்கை பினாங்கு, தஞ்சோங் கிழக்கு, தஞ்சோங் மேற்கு. இங்கேயும் வட்டாரத்துக்கு மூன்று பேர்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத் தக்கது. மூவரும் ஒரே நேரத்தில் பதவி விலகுவதில்லை. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலக, அந்த இடத்துக்கு மட்டும் தேர்தல். அதனால் ஜெலுத்தோங் வீடுகளின் வாசலுக்கு வருடம் தவறாமல் யாரோ ஒருவர் வாக்குக் கேட்டு வந்தாக வேண்டும். குப்பை அள்ளப்படவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அவரைப் பிடித்துக் கேட்கலாம். கேட்பதில் பொருளும் இருந்தது. மின்சாரம், தண்ணீர், பேருந்து எல்லாம் அப்போது நகர மன்றத்தின் கையில்தான் இருந்தன.

1957 ஜனவரி 1-இல், எலிசபெத் அரசியின் சாசனப்படி ஜார்ஜ்டவுன் மாநகரமானது. மெர்டேகாவுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது. முதல் மேயர் கூட்டணியைச் சேர்ந்த ஜி. எச். கோ. அடுத்த ஆண்டே காற்று மாறியது. தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் சேர்ந்து அமைத்த சோசலிஸ்ட் முன்னணி மன்றத்தைக் கைப்பற்ற, 1958-இல் டி. எஸ். ராமநாதன் மேயரானார். அவருக்குப் பின் ஊய் தியாம் சியூ, சி. ஒய். சோய் ஆகியோரும் அதே அணியிலிருந்து வந்தார்கள். முன்பு ஸ்காட் சாலை என்றிருந்தது இன்று ஜாலான் டி. எஸ். ராமநாதன், பிரிட்ஜ் தெரு இன்று ஜாலான் சி. ஒய். சோய். அந்தச் சாலைகளில் தினமும் போய்வரும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு அவர்கள் மக்கள் வாக்கால் வந்த மேயர்கள் என்பது தெரியும்?

கூட்டரசில் கூட்டணி ஆட்சி, மாநிலத்திலும் கூட்டணி ஆட்சி, மாநகரில் மட்டும் எதிர்க்கட்சி. இந்த உரசலுக்கு நடுவே இந்தோனேசியாவுடனான மோதல் வந்தது. 1965 மார்ச் 1-இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார். அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்பது அன்று தரப்பட்ட வாக்குறுதி. 1966-இல் இந்தோனேசியாவுடன் அமைதி திரும்பியது. அதே ஆண்டு, நிர்வாகச் சீர்கேடு என்ற குற்றச்சாட்டின் பேரில் ஜார்ஜ்டவுன் மாநகர் மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. 1963-இல் வாக்குச்சாவடிக்குப் போன ஜெலுத்தோங்வாசிக்கு அதுவே கடைசி ஊராட்சித் தேர்தல் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வட்டாரம் மறைந்தது, பெயர் மறையவில்லை. 1974-இல் ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதியானது. முதலில் வென்றவர் கெராக்கானின் ராசையா ராஜசிங்கம். 1978-இல் அவரைத் தோற்கடித்த கர்ப்பால் சிங், 1999 வரை 21 ஆண்டுகள் தொகுதியைத் தன் கையில் வைத்திருந்தார்; ‘ஜெலுத்தோங் புலி’ என்ற பட்டமும் அவரோடு ஒட்டிக்கொண்டது. 2018 முதல் ஆர். எஸ். என். ராயர். நாடாளுமன்றத்தில் இந்த ஊரின் குரல் ஓங்கித்தான் ஒலித்திருக்கிறது. ஆனால் சாக்கடையும் குப்பையும் நாடாளுமன்றத்தின் பொறுப்பல்ல. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தலை அடியோடு அகற்றிவிட்டது. அன்றிலிருந்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது.

வாக்கை மீட்கும் முயற்சி நடக்காமல் இல்லை. 2012-இல் பினாங்கு சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலுக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாடாளுமன்றம் இயற்றிய 1976-ஆம் ஆண்டுச் சட்டமே நின்றது. அடுத்த ஆண்டு தீவு முழுவதற்கும் மாநகர் தகுதி கிடைத்தது. பத்தாஹியா இஸ்மாயில் அதன் முதல் மேயரானார். 2023-இல் அ. ராஜேந்திரன் அந்த நாற்காலிக்கு வந்தார். 1958-க்குப் பின் மீண்டும் ஒரு தமிழ்ப் பெயர் மேயர் பதவியில்! மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் ராமநாதனைத் தேர்ந்தெடுத்த மன்றத்தில், ஜெலுத்தோங் மக்கள் வாக்களித்து அனுப்பிய மூவருக்கும் இடம் இருந்தது.

2022 ஜூனில் ஜெலுத்தோங் கடலோரக் குப்பைமேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. புகையைச் சுவாசித்த மக்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் முறையிடலாம், நாடாளுமன்ற உறுப்பினரிடமும் முறையிடலாம். ‘எங்கள் வட்டார மன்ற உறுப்பினர்’ என்று சட்டையைப் பிடித்துக் கேட்க, அவர்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவர்கூட மாநகர் மன்றத்தில் இல்லை.

இத்தனைக்கும், தேர்தல் நிறுத்தப்பட்ட அதே 1965-இல், ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணைக் குழு ஒன்றைக் கூட்டரசே அமைத்தது. 1968 டிசம்பரில் அது தன் பணியை முடித்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. குழுவின் தலைவர் ஒரு தமிழர், ஜப்பானிய ஆட்சிக் காலத்திலேயே பேனா பிடித்த பத்திரிகையாளர், ம.இ.கா. தலைவர்களில் ஒருவர், ஜான்சி ராணிப் படையில் பணியாற்றிய ஜானகியின் கணவர். ஆதி நாகப்பனையும் அவருடைய அறிக்கையையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)